பெரியம்மாவைக் காணவில்லை, கடத்தல் என்று சந்தேகம். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் வந்ததற்கான ரசீது) மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து என்ன செய்வது?

கதிர்_உசிலை:

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியம்மாவுக்கு வயது 67. தனியாக இருக்கிறார், பிள்ளைகள் கிடையாது. மெயின் ரோட்டை ஒட்டி 40 சென்ட் நிலம் அவர் பெயரில் இருக்கிறது. முந்தாநாள் வியாழக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் தெருமுக்கில் ஒரு வெள்ளைக் காரில் ஏறியதை எதிர்வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். யாரும் இழுத்துப் போகவில்லை, தானாகத்தான் ஏறினார் என்கிறார். வண்டி ஓட்டியவர், நிலத்தைக் கொடுங்கள் என்று சில மாதமாக வந்துபோகும் ஒருவர் மாதிரி இருந்ததாம், ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். மதியத்திலிருந்து போன் சுவிட்ச் ஆஃப். சுகரும் பிரஷரும் உண்டு, புத்தி தெளிவாகத்தான் இருக்கும்.

ஸ்டேஷனில் "தானா ஏறிப் போனவங்களை எப்படிக் கடத்தல்னு எழுதறது, 24 மணி நேரம் பாருங்க" என்று சொல்லி, சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். போட வைக்க என்ன வழி? அதுவரை வீட்டுப் பக்கத்தில் நாங்கள் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வக்கீல்_நெல்லை:

தம்பி, முதலில் அந்த 24 மணி நேரம். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆள் காணாமல் போன நிமிடத்திலேயே புகார் கொடுக்கலாம். வாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. அந்த வழக்கே ஒரு சிறுமியைக் காணோம் என்ற புகாரைப் பதியாததால் வந்ததுதான்.

இரண்டாவது, "தானாக ஏறினார்" என்பது. கடத்தல் என்றால் கையைப் பிடித்து இழுப்பது மட்டும் இல்லை. பி.என்.எஸ். (பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 138ஆவது பிரிவைப் படித்தால், பலத்தால் கட்டாயப்படுத்தியோ ஏமாற்றித் தூண்டியோ ஒருவரை ஓர் இடத்திலிருந்து போகவைப்பது கடத்தல். "வாங்கம்மா, தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்று பொய் சொல்லி ஏற்றியிருந்தால் அதுவும் இதில் வரும்.

ஆனால் ஒரு சிக்கல். 138 வெறும் விளக்கம்தான், அதற்கென்று தனித் தண்டனை இல்லை. எதற்காகக் கடத்தினார்கள் என்ற நோக்கம் சேர்ந்தால்தான் குற்றம். ரகசியமாக அடைத்து வைக்க என்றால் 140(3), ஏழு வருடம் வரை. பணயத்துக்கு என்றால் 140(2), மரண தண்டனை வரை போகும். கொலை செய்ய என்றால் 140(1). மிரட்டிக் கையெழுத்து வாங்க என்றால் 308, மிரட்டிப் பறித்தல். அதனால் புகாரில் "காணவில்லை, கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் அது "பெண் காணவில்லை" என்ற தலைப்போடு நின்றுவிடும். நிலத் தகராறு, கேட்டு வந்தவர் யார், கடைசியாக எப்போது வந்தார், என்ன பேசினார், கார், நேரம், போன் அணைந்தது, இத்தனையும் வேண்டும். சந்தேகப்படும் ஆளின் பெயரை "சந்தேகிக்கிறேன், காரணம் இது" என்று எழுதுங்கள். அவர்தான் செய்தார் என்று உறுதியாக எழுதாதீர்கள். பின்னால் சாட்சிக் கூண்டில் அது உங்களையே கடிக்கும்.

எதிர்வீட்டு அக்காவை யாரும் நெருக்க வேண்டாம். "மாதிரி இருந்தது" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். நாலு பேர் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அது "அவர்தான்" என்று மாறினால், நல்ல சாட்சி கெட்ட சாட்சி ஆகிவிடும். அந்த ஆளின் போட்டோவை அவரிடம் காட்டவே காட்டாதீர்கள். பின்னால் பலரோடு அவரை நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடத்தினால் அது மதிப்பில்லாமல் போகும்.

ஸ்டேஷனில் மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)படி புகாரின் சாரத்தை எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் மெயிலிலும். நேரிலும் ஒரு பிரதி கொடுத்து முத்திரை வாங்குங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் அதே பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எல்லைப் பிரச்சினை பேசினால், எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்பது 173(1)லேயே இருக்கிறது. ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும், மறக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். பிரதி இலவசம், கேட்டு வாங்குங்கள்.

---

ரைட்டர்_ஐயா_தேனி:

வக்கீல் சார் சொன்னது சரி. "பெண் காணவில்லை" என்று முதலில் போட்டாலும் பரவாயில்லை, ஆதாரம் வந்தபின் பிரிவை மாற்றி கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பலாம். முக்கியம், எஃப்.ஐ.ஆர். நம்பர் விழுவது. நம்பர் இல்லாமல் போன் விவரமோ பேங்க் விவரமோ கேட்டு எழுதுவது கஷ்டம்.

இனி வீடு. பூட்டிவிட்டு யாரையும் உள்ளே விடாதீர்கள். துடைத்து, பாத்திரம் கழுவி, விளக்கேற்றி வைப்பது நம் வழக்கம். அதில்தான் பாதித் தடயம் போகிறது. போலீஸ் வருவதற்கு முன் ஒரே ஒருவர், ஒரே ஒருமுறை உள்ளே போய், எதையும் தொடாமல் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வெளியே வரட்டும். வாசலில் தொடங்கி அடுப்படி, பீரோ, படுக்கை, கொல்லைப்புறம் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக.

பார்க்க வேண்டியது இவை. எந்தச் செருப்பைக் காணோம், வீட்டுச் செருப்பா வெளியே போடுவதா. மூக்குக் கண்ணாடி, பல்செட், காதுமெஷின் இருக்கிறதா. சாவிக்கொத்து எங்கே. பர்ஸ், பேங்க் பாஸ்புக், ஆதார், பத்திரம். அடுப்பில் என்ன இருந்தது, அரிசி ஊறுகிறதா, துணி கொடியில் காய்கிறதா. இவையெல்லாம் அவர் எவ்வளவு நேரத்தில் திரும்புவதாக நினைத்துக் கிளம்பினார் என்பதைச் சொல்லும். நாலு நாள் கோவிலுக்குப் போகிறவர் உளுந்தை ஊறப் போட்டுவிட்டுப் போகமாட்டார்.

மாத்திரை அட்டையை எண்ணுங்கள், கையில் எடுக்காமல். 10 மாத்திரை அட்டை, வாங்கிய பில் தேதி, தினம் காலை ஒன்று இரவு ஒன்று என்றால், கடைசியாக எந்த வேளை போட்டார் என்று கணக்கு வந்துவிடும். எதிர்வீட்டு அம்மா சொல்லும் நேரத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். மாத்திரையை விட்டுவிட்டுப் போயிருந்தால் அதைப் புகாரில் தனி வரியாக எழுதுங்கள். சுகர் மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். "தானாகப் போயிருப்பார்" என்ற பேச்சை அது அடக்கும், அவசரத்தையும் காட்டும்.

மோப்ப நாய் வரலாம். அவர் உடுத்தித் துவைக்காத சேலை, தலையணை உறை இவற்றை யாரும் கைபடாமல் அப்படியே விட்டுவையுங்கள். பிரஷ், சீப்பு இரண்டும் டி.என்.ஏ.க்கு வேண்டும். அவற்றை பிளாஸ்டிக் கவரில் போடக்கூடாது, ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பேப்பர் கவர். எடுப்பதைப் போலீஸ் செய்யட்டும், நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்து சிசிடிவி. இதுதான் இன்றைக்கே செய்யவேண்டியது. சாதாரணக் கடை டி.வி.ஆரில் (கேமரா படம் பதியும் பெட்டி) 1 டி.பி. டிஸ்க் இருக்கும். நாலு கேமரா, ஒவ்வொன்றும் வினாடிக்கு 2 மெகாபிட் என்று இரவு பகலாகப் பதிந்தால் ஒரு நாளைக்கு 86 ஜி.பி. ஆகும். பதினோரு நாளில் டிஸ்க் நிறைந்து பழையதன் மேல் எழுத ஆரம்பித்துவிடும். 500 ஜி.பி. என்றால் ஐந்தாறு நாள்தான். எட்டு கேமரா என்றால் அதிலும் பாதி. நீங்கள் எழுதும்போதே இரண்டு நாள் போய்விட்டது.

தெருமுக்கிலிருந்து கார் போகக்கூடிய எல்லாத் திசையிலும் நடந்து, எந்தெந்தக் கடை, வீடு, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம்., பள்ளிக்கூடத்தில் கேமரா ரோட்டைப் பார்க்கிறது என்று பட்டியல் போடுங்கள். அதை ஸ்டேஷனில் கொடுத்து, பி.என்.எஸ்.எஸ். 94இல் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அழிக்காமல் வையுங்கள். டி.வி.ஆர். மானிட்டரில் ஓடும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல டி.வி.ஆர். கடிகாரம் பத்து நிமிடம், அரைமணி நேரம் தள்ளி ஓடும். பத்தரை மணி என்று தேடி எதுவும் இல்லை என்று விட்டுவிடுவது இதனால்தான்.

மானிட்டரைப் போனில் படம்பிடித்தது துப்புக்கு உதவும், கோர்ட்டுக்குப் போதாது. டி.வி.ஆரிலிருந்து நேராக எடுத்த பதிவு, அதன் ஹாஷ் எண் (பதிவை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் எண்), புதிய சாட்சியச் சட்டம் 63(4)இன்படி இரண்டு பகுதிச் சான்று. முதல் பகுதி கருவியை வைத்திருப்பவர், இரண்டாம் பகுதி நிபுணர். இதை விட்டுவிட்டு எத்தனையோ வழக்கில் நல்ல வீடியோ வீணாகிப் போகிறது.

காரின் நம்பர் முழுசாகக் கிடைக்கவில்லை என்றாலும், நிறம், மாடல், பின்கண்ணாடி ஸ்டிக்கர், உடைந்த பம்பர் எதுவும் போதும். டோல்கேட் பக்கம் போயிருந்தால் ஃபாஸ்டேக் பதிவும் லேன் கேமரா படமும் இருக்கும்.

---

கதிர்_உசிலை:

ரொம்ப நன்றி ஐயா. தம்பியை மட்டும் உள்ளே அனுப்பி வீடியோ எடுத்தோம். வெளியே போடும் செருப்பைக் காணோம். கண்ணாடி டிவி மேல் இருக்கிறது. சுகர் மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது, வியாழன் காலை வேளை போட்டிருக்கிறார், இரவு வேளை போடவில்லை. கிரைண்டர் பக்கத்தில் அரிசியும் உளுந்தும் ஊறிப் புளித்துப்போய் இருக்கின்றன. பீரோ பூட்டித்தான் இருந்தது, சாவி அலமாரியில் எப்போதும் வைக்கும் இடத்தில் இல்லை. நிலத்தின் மூலப்பத்திரம் வைக்கும் மஞ்சப்பையைக் காணோம், அது பீரோவுக்கு மேல்தான் இருக்கும்.

---

ரைட்டர்_ஐயா_தேனி:

மஞ்சப்பையும் மாத்திரையும் இப்போதே கூடுதல் மனுவாக எழுதி ஸ்டேஷனில் கொடுங்கள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு, மாத்திரையை விட்டுவிட்டு, மாவாட்ட ஊறப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம் என்று யாரோ நம்பவைத்த வேலை இது. பீரோவை நீங்கள் உடைக்காதீர்கள். மேல்பக்கத் தூசியில் கைரேகை இருக்கலாம், விரல்ரேகைப் பிரிவு வரட்டும்.

---

டவர்_சிவா:

போன் சங்கதி பற்றி. சி.டி.ஆர். எனப்படும் அழைப்பு விவரத்தை இன்ஸ்பெக்டர் நேராக கம்பெனியிடம் கேட்க முடியாது, எஸ்.பி. அந்தஸ்தில் உள்ளவர் வழியாகத்தான் போகும். அதனால் "கேட்டாச்சா" என்று மட்டும் விசாரிக்காமல், எஸ்.பி. ஆபீஸுக்குக் கடிதம் போன தேதியைக் கேளுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான். சி.டி.ஆர். இரண்டு வருடம் கம்பெனியிடம் இருக்கும், அழிந்துபோகாது. அழியக்கூடியது சிசிடிவிதான், ஆகவே ஓட்டம் முதலில் அங்கே இருக்கட்டும்.

டவர் லொகேஷன் என்றால் வீட்டு விலாசம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு டவரில் வழக்கமாக மூன்று செக்டர், ஒவ்வொன்றும் 120 டிகிரி. டவுனில் சில நூறு மீட்டர், உங்கள் பக்கம் மாதிரி ஊர்களில் சில கிலோமீட்டர். எந்தத் திசையில் போனார் என்பதற்கு அது போதும். கடைசி டவர் பதிவோடு, அதே நேரத்தில் அதே டவர்களில் வரிசையாக வந்துபோன இன்னொரு நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே காரில் இரண்டு போன் போனால் இரண்டும் ஜோடியாக டவர் மாறும். நிலம் கேட்டு வந்தவரின் நம்பர் உங்களிடம் இருந்தால் அதைப் புகாரில் கொடுக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

வாட்ஸ்அப் அழைப்பு சி.டி.ஆரில் வராது. "வியாழன் காலை யாரும் போன் பண்ணவில்லை" என்று சி.டி.ஆரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக்கூடாது, டேட்டா பதிவையும் கேட்கச் சொல்லுங்கள்.

போன் வாங்கிய பெட்டியைத் தேடுங்கள், அதில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) இருக்கும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். யாராவது வேறு சிம் போட்டு ஆன் செய்தால் அதை வைத்துப் பிடிக்கலாம். கடைசி இலக்கம் பல பதிவுகளில் 0 என்று வரும், முதல் 14 இலக்கத்தை ஒப்பிடுங்கள். சாதாரணமாகத் தொலைந்த போனுக்கு உடனே பிளாக் செய்யச் சொல்வோம். இங்கே அது கூடவே கூடாது. பிளாக் செய்தால் அந்தப் போன் நெட்வொர்க்கில் இயங்காது, அதை யாராவது பயன்படுத்தினால் கிடைக்கும் தடம் குறைந்துவிடும். டூப்ளிகேட் சிம்மும் வாங்காதீர்கள்.

---

பத்திரம்_செல்வராணி:

மூலப்பத்திரம் போயிருக்கிறது என்றால் இன்றே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் வரும். வியாழன், வெள்ளியில் செட்டில்மென்ட், கிரையம், பவர் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். தினம் காலையும் மாலையும் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

பதிவாகியிருந்தால் பதற வேண்டாம், தடயம் கிடைத்த மாதிரி. பதிவின்போது போட்டோவும் கைரேகையும் எடுத்திருப்பார்கள், அடையாளம் காட்டிய இரண்டு சாட்சிகளின் பெயர் விலாசம் பத்திரத்திலேயே இருக்கும். பெரியம்மா உயிரோடு எந்த நிமிடம் எந்த ஆபீஸில், யாரோடு இருந்தார் என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டாம். வேறொரு பெண்ணை உட்கார வைத்து ஆள்மாறாட்டம் செய்திருந்தாலும் அந்தப் போட்டோ காட்டிக்கொடுத்துவிடும். ஆபீஸ் வாசல் கேமராவும் பத்திரம் எழுதிய கடையின் கேமராவும் அதே பதினோரு நாள் கணக்குதான்.

பதிவாகவில்லை என்றால் சார்பதிவாளருக்கும் மாவட்டப் பதிவாளருக்கும் சி.எஸ்.ஆர். நகலோடு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். மனு கொடுத்ததாலேயே பதிவு நின்றுவிடாது, அதற்குக் கோர்ட் உத்தரவு வேண்டும். ஆனாலும் அந்தப் பெயரில் யாராவது வந்தால் அங்கே விழிப்பாக இருப்பார்கள். மிரட்டி வாங்கிய கையெழுத்து பின்னால் செல்லாது என்று ஆக்கலாம். அதனால் நிலத்தை நினைத்துக் கவலைப்பட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், ஆள்தான் முக்கியம்.

நகைப் பட்டியலும் எழுதிக் கொடுங்கள், பவுனில் இல்லாமல் கிராமில். ஒரு பவுன் 8 கிராம். சங்கிலியின் டிசைன், டாலர், கடைமுத்திரை, கல்யாண வீட்டுப் போட்டோ. அடகுக்கடைகள் பதிவேடு வைத்தாக வேண்டும், போலீஸ் அதைப் பார்க்கலாம்.

---

முருகவேல்_கோவை:

வாட்ஸ்அப் போஸ்டர் போடுவீர்கள், போடத்தான் வேண்டும். ஆனால் அதில் உங்கள் வீட்டு நம்பரைப் போடாதீர்கள், ஸ்டேஷன் நம்பரும் எஃப்.ஐ.ஆரின் கிரைம் நம்பரும் போதும். நிலம், பத்திரம், சந்தேக ஆள் எதுவும் வேண்டாம். ஒரு அடையாளத்தை, உதாரணமாகக் கையில் உள்ள பச்சையையோ சேலைக் கரையையோ, வெளியே சொல்லாமல் வையுங்கள். "அம்மா எங்களிடம் இருக்கிறார், இவ்வளவு பணம் போடு" என்று வரும் போலி அழைப்புகளைச் சலிக்க அது ஒன்றுதான் சல்லடை.

லண்டனில் 1969 டிசம்பர் 29இல் மியூரியல் மெக்கே என்ற 55 வயதுப் பெண்ணை விம்பிள்டன் வீட்டிலிருந்து கடத்திய வழக்கைப் படித்தால் இது புரியும். பத்திரிகை முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் மனைவி என்று தவறாக நினைத்துத் தூக்கிப் போனார்கள். மறுநாளே செய்தி வெளியானதால் போலி அழைப்புகளும் நிருபர்களும் அந்த வீட்டுப் போனை விடவில்லை, உண்மையான அழைப்பு அந்த இரைச்சலுக்குள் வந்தது. கேட்டது பத்து லட்சம் பவுண்ட். 1970 பிப்ரவரி 6இல் பணப்பெட்டியை பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்ட் ஊரில் ஒரு கேரேஜ் ஓரம் வைத்துவிட்டுப் போலீஸ் மறைந்திருந்தபோது, விஷயம் தெரியாத ஒரு தம்பதி கேட்பாரற்ற பெட்டி கிடக்கிறதே என்று உள்ளூர் போலீஸுக்குச் சொல்ல, அவர்கள் வந்து பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். ஒரே ஊர்ப் பக்கம் இரண்டு போலீஸ் பிரிவுகள் ஒன்றுக்கொன்று சொல்லாமல் வேலை செய்தால் இதுதான் நடக்கும்.

அந்த வழக்கைக் காப்பாற்றியது அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு வோல்வோ காரின் நம்பர். அது ஒரு பண்ணைக்குக் கொண்டுபோனது. அங்கே கிடைத்த நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள் மிரட்டல் கடிதத்தோடு பொருந்தியது, கடிதத்தில் கைரேகையும் இருந்தது. அந்தப் பண்ணையில் இருந்த அண்ணன் தம்பி இருவருக்கும் 1970 அக்டோபரில் ஆயுள் தண்டனை. 2022லும் 2024லும் பண்ணையைத் தோண்டியும் உடல் கிடைக்கவில்லை.

உங்களுக்கு அழைப்பு வந்தால்: பதிவு செய்யுங்கள், சரி என்றும் சொல்லாதீர்கள் முடியாது என்றும் சொல்லாதீர்கள். பெரியம்மாவுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், சின்ன வயதில் வளர்த்த மாட்டின் பெயர் மாதிரி. குரலை மட்டும் கேட்டு நம்பாதீர்கள், குரலை இப்போது போலியாகவும் செய்கிறார்கள். அழைப்பு முடிந்த நிமிடமே விசாரணை அதிகாரிக்குச் சொல்லுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும்தான் பேசவேண்டும்.

---

வக்கீல்_நெல்லை:

எஃப்.ஐ.ஆர். விழுந்தும் வேலை நகரவில்லை என்றால் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (அடைத்து வைத்திருக்கும் ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு). "காணவில்லை" என்று மட்டும் எழுதிப் போனால் எடுபடாது, சட்டவிரோதமாக யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க அடிப்படை காட்டவேண்டும். மஞ்சப்பை, மாத்திரை, கார், போன் அணைந்த நேரம், புகார் கொடுத்த ரசீது, எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது, இவைதான் அந்த அடிப்படை. எந்த வீடு, எந்தத் தோட்டம் என்று தெரிந்துவிட்டால் ஹைகோர்ட் வரை போக வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். 100இன்படி மாஜிஸ்திரேட்டோ ஆர்.டி.ஓ.வோ (வருவாய்க் கோட்டாட்சியர்) சர்ச் வாரன்ட் கொடுக்கலாம், அது வேகமான வழி.

வெளி மாவட்ட முதியோர் இல்லங்களையும் மனநலக் காப்பகங்களையும் விட்டுவிடாதீர்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறு பெயரில் சேர்த்துவிட்டுப் போகிற வேலையும் நடக்கிறது. அரசு மருத்துவமனை, ரயில்வே போலீஸ் இரண்டுக்கும் போட்டோ போகவேண்டும். ஆதார் கைரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பி அலையாதீர்கள், அந்த ரேகையைப் போலீஸுக்குக் கொடுக்க ஆதார் சட்டம் இடம் தருவதில்லை.

ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டாலும் வழக்கு விழுந்துவிடாது. கொல்கத்தாவில் நடந்த மிர் முகமது உமர் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம், கடத்தியது நிரூபணமானால் அதன்பின் என்ன ஆயிற்று என்பதைக் கடத்தியவர்தான் சொல்லவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே காரில் ஏறிய அந்தப் பத்தரை மணியை நிரூபிப்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். எதிர்வீட்டு அம்மாவின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன் பி.என்.எஸ்.எஸ். 183இல் பதியச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் மனு கொடுங்கள், அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது பேச வருவதற்குள்.

இன்று சனிக்கிழமை என்று திங்கள் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். எஸ்.பி. ஆபீஸ் கண்ட்ரோல் ரூம் எல்லா நாளும் இயங்கும். 112க்கும் அடித்துப் புகார் எண் வாங்குங்கள். நாளை காலைக்குள் கேமரா பட்டியலைக் கொடுத்துவிட்டு இங்கே எழுதுங்கள், மாஜிஸ்திரேட் மனுவுக்கு என்னென்ன இணைப்பு வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.